எட்டடிப் பள்ளம்

டிராமிலிருந்து இறங்கினார் ஒரு பெரியவர். அவர் செய்த தப்பு அவ்வளவுதான்.

1899, செப்டம்பர் 13. நியூயார்க். சென்ட்ரல் பார்க்கின் மேற்கு ஓரச் சாலையும் 74ஆம் தெருவும் சந்திக்கிற மூலை. பெரியவர் பெயர் ஹென்றி பிளிஸ். ரியல் எஸ்டேட் தொழில். வயது அறுபத்தொன்பது. தரையில் காலை வைத்தார். அந்தப் பக்கமாக வந்த டாக்ஸி அவர் மீது ஏறி இறங்கியது. பெட்ரோல் டாக்ஸி இல்லை, பேட்டரியில் ஓடும் டாக்ஸி. எலெக்ட்ரிக் கார் என்பது ஏதோ நேற்றைக்குப் பிறந்த சமாசாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கே நியூயார்க்கில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் பிளிஸ் இறந்துபோனார். அமெரிக்காவில் மோட்டார் வண்டி மோதி இறந்த முதல் மனிதர் என்று அவர் பெயரைத்தான் பதிவு செய்திருக்கிறார்கள். டிரைவரைப் பிடித்தார்கள், வழக்குப் போட்டார்கள். வேண்டுமென்றே செய்யவில்லை என்று விட்டுவிட்டார்கள். நூறு வருடம் கழித்து, 1999ல், அதே மூலையில் அவர் ஞாபகமாக ஒரு பலகை வைத்தார்கள்.

விசேஷம் என்னவென்றால், அதே 1899ஆம் வருடம்தான் சென்ட்ரல் பார்க்கின் கேட்டைத் தாண்டி மோட்டார் வண்டிகள் உள்ளே போக அனுமதி கிடைத்தது. வாசலில் ஓர் உயிர் போன வருடமே உள்ளே வழிவிட்டார்கள்.

உள்ளே போன கார்கள் வெளியே வர எத்தனை நாள் ஆனது? 119 வருடம்!

இந்தக் கதை அந்த 119 வருடத்தைப் பற்றியது. ஆனால் அதற்கு நாற்பது வருடம் முன்னாலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும்.

*

1850கள். நியூயார்க்கின் மான்ஹாட்டன் தீவில் ஜனம் பிதுங்குகிறது. லண்டனில் பூங்கா இருக்கிறது, பாரிஸில் இருக்கிறது, நமக்கு இல்லையே என்று பெரிய மனிதர்களுக்கெல்லாம் ஏக்கம். 1853ல் மாகாண சட்டசபை, தீவின் நட்ட நடுவே பெரிய பூங்காவுக்கு நிலம் எடுக்க அனுமதி கொடுத்தது.

நான் காமர்ஸ் படித்தவன். எதைப் பார்த்தாலும் முதலில் காசு கணக்குதான் கண்ணில் படும். நிலத்துக்கு ஆன செலவு சுமார் 50 லட்சம் டாலர். அன்றைய தேதிக்கு அது மயக்கம் போட வைக்கிற தொகை. அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை, பூங்காவைச் சுற்றி நிலம் வைத்திருந்தவர்களிடமே வசூல் செய்துவிட்டார்கள். பூங்கா வந்தால் உன் மனை விலை ஏறும் அல்லவா, அதில் எங்களுக்கும் ஒரு பங்கு கொடு. நியாயமான பேரம்தான்.

ஆனால் எந்தக் கணக்கிலும் வராத செலவு ஒன்று உண்டு. பூங்காவுக்காக எடுத்த நிலம் ஒன்றும் பொட்டல் காடு இல்லை. மேற்குப் பக்கம், 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் இடையில் செனெகா வில்லேஜ் என்று ஓர் ஊர் இருந்தது. 1825ல் கறுப்பின மக்கள் மனை வாங்கிக் குடியேறிய ஊர். மூன்று சர்ச், ஒரு பள்ளிக்கூடம், 1855ல் சுமார் 225 பேர். அந்தக் காலத்து நியூயார்க்கில் ஒரு கறுப்பர் ஓட்டுப் போட வேண்டுமானால் 250 டாலர் மதிப்புள்ள சொத்து வைத்திருக்க வேண்டும். ஆகவே அந்த ஊரில் ஒரு துண்டு நிலம் என்பது வெறும் நிலம் இல்லை. அது ஓட்டுரிமை.

1857ல் ஊரைக் காலி பண்ணிவிட்டார்கள். பூங்கா எல்லைக்குள் வசித்த மொத்தம் 1,600 பேர் கிளம்ப வேண்டியிருந்தது. நஷ்டஈடு கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஓர் ஊரைக் கலைத்துவிட்டு ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தால், அந்த ஊர் வேறு எங்கேயாவது மறுபடி முளைத்துவிடுமா என்ன? முளைக்கவில்லை.

*

நிலம் ரெடி. டிசைன் வேண்டும். போட்டி அறிவித்தார்கள். முதல் பரிசு 2,000 டாலர்.

போட்டிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பூங்காவின் குறுக்கே குறைந்தது நாலு சாலைகள் போயாக வேண்டும். நியாயம்தானே? நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு ஊருக்கு நடுவே பூங்காவைக் குறுக்கே போட்டு வைத்தால், கிழக்கே இருப்பவன் மேற்கே போவது எப்படி? பால் வண்டி போக வேண்டும், செங்கல் வண்டி போக வேண்டும், ராத்திரி தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி போக வேண்டும்.

மொத்தம் 33 டிசைன்கள் வந்தன. பெரும்பாலானவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்கேல் வைத்து, புல்வெளிக்குக் குறுக்கே நாலு கோடு இழுத்தார்கள். முடிந்தது வேலை.

ஓர் இரட்டையர் மட்டும் அப்படிச் செய்யவில்லை. ஒருவர் பிரெடரிக் லா ஓம்ஸ்டெட். விவசாயம் பார்த்து சரிப்பட்டு வராமல், பத்திரிகைக்கு எழுதி, பதிப்பகத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டு, கடைசியில் பூங்கா வேலைக்குக் கண்காணிப்பாளராக வந்து சேர்ந்தவர். இன்னொருவர் கால்வெர்ட் வாக்ஸ். இங்கிலாந்திலிருந்து வந்த கட்டடக் கலைஞர். பகலில் ஓம்ஸ்டெட்டுக்கு உத்தியோகம். அதனால் ராத்திரி நேரங்களில் இருவரும் அந்தச் சேற்று நிலத்தில் சுற்றித் திரிந்து திட்டம் போட்டார்கள் என்று சொல்வார்கள். அவர்கள் திட்டத்துக்கு வைத்த பெயர் கிரீன்ஸ்வார்ட். பசும்புல்வெளி.

அந்தத் திட்டத்தில் நாலு குறுக்குச் சாலையும் இருந்தது. ஆனால் புல்வெளிக்கு மேலே இல்லை. எட்டடி கீழே.

அதாவது பள்ளம் வெட்டி, அதற்குள் சாலை. மேலே பாலம் போட்டு, மண் கொட்டி, செடி வைத்துவிட்டால் பூங்காவில் நடப்பவருக்குக் கீழே சாலை இருப்பதே தெரியாது. செங்கல் வண்டிக்காரர் அவர் பாட்டுக்கு அடியில் போவார். குழந்தை அதன் பாட்டுக்கு மேலே ஓடும். ராத்திரி பூங்கா கேட்டைப் பூட்டினாலும் கீழே வண்டி ஓடலாம். 79ஆம் தெருச் சாலைக்கு வழியில் ஒரு பெரிய பாறையே குறுக்கிட்டது. குடைந்து சுரங்கமாக்கிவிட்டார்கள்.

1858 ஏப்ரலில் முதல் பரிசு அவர்களுக்குத்தான்.

இது முதல் சாமர்த்தியம். இரண்டாவது இன்னும் அழகு. பூங்காவுக்குள்ளேயே மூன்று வகை ஆட்கள் வருவார்கள். கோச் வண்டியில் வருபவர், குதிரை மேல் வருபவர், நடந்து வருபவர். மூன்று பேருக்கும் தனித்தனிப் பாதை. பாதைகள் சந்திக்கிற இடத்தில் ஒன்று மேலே, ஒன்று கீழே. அதற்காகவே முப்பதுக்கும் மேற்பட்ட பாலங்களையும் வளைவுகளையும் கட்டினார்கள். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஒரு மனிதர் ஒரு குதிரைக்குக்கூட வழிவிடாமல் பூங்காவைச் சுற்றி வரலாம்.

மூன்றாவது, வண்டிப்பாதையை வேண்டுமென்றே வளைத்து வளைத்துப் போட்டார்கள். நேராகப் போட்டால் பணக்காரப் பிள்ளைகள் குதிரை ரேஸ் விடுவார்களே! வளைவு இருந்தால் வேகம் தானாகக் குறையும். போலீஸ் வேண்டாம், அறிவிப்புப் பலகை வேண்டாம். சாலையின் வடிவமே வேலையைச் செய்துவிடும்.

சாலைப் பாதுகாப்பு பற்றி இன்றைக்கு நிபுணர்கள் பவர்பாயின்ட் போட்டுச் சொல்கிற பாடத்தில் பாதி இந்த மூன்றிலேயே இருக்கிறது. அதுவும் கார் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்னால்!

*

சரி, சொர்க்கமா? அப்படியும் சொல்ல முடியாது. ஆரம்ப காலத்தில் பூங்காவுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் கோச் வண்டியில் வந்தவர்கள். ஆனால் கோச் வைத்துக்கொள்ள வசதியிருந்தவர்கள் ஊரில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. பையன்கள் பந்து விளையாட வேண்டுமானால் ஹெட்மாஸ்டரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும். பெயருக்குத்தான் பொதுப் பூங்கா.

இந்த இடத்தில் சைக்கிள் என்ட்ரி.

1880 வாக்கில் முன்னால் ஆள் உயரச் சக்கரமும் பின்னால் வால் மாதிரி குட்டிச் சக்கரமும் வைத்த சைக்கிள்கள் நியூயார்க்கில் தலை காட்டின. பூங்கா நிர்வாகம் உடனே தடை போட்டது. காரணம்? குதிரை மிரளும்.

1881ல் மூன்று பேர் வேண்டுமென்றே பூங்காவுக்குள் சைக்கிளை ஓட்டிப்போய்க் கைதானார்கள். தற்செயல் இல்லை, ஏற்பாடு. பின்னால் இருந்து செலவு செய்தவர் ஆல்பர்ட் போப். கொலம்பியா என்ற பெயரில் சைக்கிள் தயாரித்து விற்ற முதலாளி. சைக்கிள் விற்க வேண்டுமானால் ஓட்ட இடம் வேண்டுமல்லவா? வழக்கில் தோற்றுத்தான் போனார்கள். ஆனால் விடவில்லை. 1887ல் மாகாண சட்டசபை ஒரு சட்டமே கொண்டுவந்தது. மற்ற வண்டிகளுக்கு உள்ள உரிமை சைக்கிளுக்கும் உண்டு. ‘லிபர்டி பில்’ என்று பெயர். விடுதலைச் சட்டம்!

1892ல் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு முயற்சி. பூங்காவின் மேற்குப் பக்கமாகக் குதிரை ரேஸுக்கு நேர்கோட்டில் ஒரு சாலை போட, பணக்காரக் குதிரைப் பிரியர்கள் சத்தமில்லாமல் சட்டம் நிறைவேற்றிவிட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் ஊரே கொந்தளித்தது. சில வாரங்களில் சட்டத்தை வாபஸ் வாங்க வேண்டியதாகிவிட்டது.

குதிரையைத் தடுத்த ஊர், ஏழு வருடம் கழித்து மோட்டாரைத் தடுக்கவில்லை. அங்கேதான் கதை மாறுகிறது.

1912 வாக்கில் ஜல்லி போட்ட வண்டிப்பாதைகளுக்கு மேல் தார் வந்தது. காருக்கு வசதி. பிறகு சிக்னல் கம்பங்கள் வந்தன. ஒருவழிப் போக்குவரத்து வந்தது. உல்லாசமாகச் சுற்றிப் பார்க்கப் போட்ட பாதை, ஆபீசுக்குப் போகிறவர்களின் குறுக்கு வழியாகிவிட்டது. குறுக்குச் சாலையை எட்டடி பள்ளத்தில் புதைத்து ஊர் வண்டிகளை ஒளித்து வைத்தார்களே, அந்த வண்டிகள் மேல்மாடி வழியாக உள்ளே வந்துவிட்டன. பாலங்களும் வளைவுகளும் அப்படியே நின்றன. ஆனால் மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் வருகிற காருக்கு வளைவு ஒரு பொருட்டா?

*

திருப்பம் சென்ட்ரல் பார்க்கில் ஆரம்பிக்கவில்லை. தெற்கே, வாஷிங்டன் ஸ்கொயர் என்கிற குட்டிப் பூங்காவில் ஆரம்பித்தது.

ராபர்ட் மோசஸ் என்றொரு மனிதர். தேர்தலில் ஜெயித்து எந்தப் பதவிக்கும் வராமலே பல பத்தாண்டுகள் நியூயார்க்கை ஆட்டிப் படைத்தவர். பாலம், நெடுஞ்சாலை, பூங்கா என்று அவர் கை படாத இடமில்லை. அந்தக் குட்டிப் பூங்காவைக் கிழித்துக்கொண்டு பெரிய சாலை போடத் திட்டம் போட்டார். 1952ல் அதை எதிர்த்து ஷெர்லி ஹேய்ஸ் கமிட்டி அமைத்தார். நாலு பையன்களுக்கு அம்மா. அவர் கேட்டது சாலையைச் சின்னதாக்குங்கள் என்று இல்லை. சாலையே வேண்டாம் என்றார். பிறகு ஜேன் ஜேக்கப்ஸும் சேர்ந்துகொண்டார். பின்னாளில் நகரங்களைப் பற்றி உலகமே படிக்கிற புத்தகம் எழுதிய அதே ஜேக்கப்ஸ்.

மூடினால் சுற்று வட்டாரத் தெருக்கள் திணறிப்போகும் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். சோதனை அடிப்படையில் மூடிப் பாருங்களேன் என்றார்கள் இவர்கள். 1958 நவம்பர் 1. வழக்கமாகச் சாலை திறந்தால் ரிப்பன் வெட்டுவார்கள். இங்கே மூடுவதால் ரிப்பனைக் கட்டினார்கள்!

தெருக்கள் திணறினவா? இல்லை. சுற்றியுள்ள தெருக்களில் போக்குவரத்து கூடவில்லை, சற்றுக் குறைந்தது என்று ஜேக்கப்ஸ் எழுதியிருக்கிறார். தண்ணீரை ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் பீறிடும். கார் அப்படியில்லை. ஓட்டுகிறவர் யோசிப்பார். வேறு வழி போவார், வேறு நேரம் போவார், சில சமயம் போகாமலே இருந்துவிடுவார்.

பாடம் பதிந்தது. 1966ல் மேயர் லின்ட்சேயும் பூங்கா கமிஷனர் தாமஸ் ஹோவிங்கும் சென்ட்ரல் பார்க் சாலைகளை வாரக் கடைசியில் காருக்கு மூடினார்கள். சைக்கிள்காரர்கள் வெள்ளமாக வந்தார்கள். அதன் பிறகு அரை நூற்றாண்டு இழுபறி. பகலில் சில மணி நேரம் மூடு, கோடையில் மூடு, இந்த கேட்டை மூடு, அந்த கேட்டை மூடு. கூட்டுறவு சொசைட்டியில் கடன் அடைப்பது போலத் தவணை தவணையாக மீட்டார்கள். 2015ல் 72ஆம் தெருவுக்கு வடக்கே நிரந்தரத் தடை. 2018 ஜூன் 27ல் முழுப் பூங்காவுக்கும் தடை.

ஹென்றி பிளிஸ் கணக்கு 119 வருடம் கழித்து முடிந்தது.

*

சுபம் போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள்.

2014ல், அதாவது முழுத் தடை வருவதற்கு முன்னாலேயே, ஆகஸ்டிலும் செப்டம்பரிலுமாக பூங்கா சாலையில் இரண்டு பேர் அடிபட்டு இறந்துபோனார்கள். கார் மோதி அல்ல. சைக்கிள் மோதி.

அதிர்ச்சியில் வேக வரம்பை மணிக்கு 25 மைலிலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். ஆனால் பிரச்னை வேகத்தில் மட்டும் இல்லை. சிக்னலில் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். சாலை காருக்காக அகலமாகப் போடப்பட்டது. சிக்னல் காருக்காக வைக்கப்பட்டது. கார் போய்விட்டது, அகலமும் சிக்னலும் அப்படியே இருந்தன. காரே இல்லாத சாலையில் சிவப்பு விளக்கைப் பார்த்தால் சைக்கிள்காரர் நிற்பாரா? பலர் நிற்கவில்லை. ஆனால் நடந்து போகிற பாட்டி பச்சை மனிதனைப் பார்த்ததும் நம்பி இறங்கினார். ஒருவர் மதிக்காத விளக்கை இன்னொருவர் நம்பினார். விளக்கே இல்லாமல் இருந்தால்கூட அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கியிருப்பார்!

அதோடு ஓம்ஸ்டெட் காலத்தில் இல்லாத ஆட்கள் வேறு. ஓடுகிறவர்கள், ஸ்கேட்டிங் போகிறவர்கள், சைக்கிள் ரிக்‌ஷா. 2023 முதல் மின்சார சைக்கிளுக்கும் அனுமதி. வருடத்துக்கு நாலு கோடிப் பேருக்கு மேல் வருகிற இடம். பழைய பாலங்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் கீழே நடந்தவர்கள் மேலே வந்துவிட்டார்கள். கார் போன பிறகு அந்தப் பெரிய சாலைதான் பூங்காவிலேயே சுகமான இடமாகிவிட்டது. யாரைக் குறை சொல்வது?

1980லிருந்து பூங்காவைப் பராமரித்துவரும் சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி இதை ஆராய்ந்து 2024ல் சிபாரிசுகளை வெளியிட்டது. பழைய சிக்னலை எடுத்துவிட்டு மஞ்சள் விளக்கு சிமிட்டட்டும். எந்த நேரமும் நடப்பவருக்கே முதல் உரிமை. சாலையைக் கடக்கும் தூரத்தைக் குறைக்க வேண்டும். நடப்பவர், ஓடுபவர், மெதுவான சக்கரம், வேகமான சக்கரம் என்று இடத்தைப் பிரித்து, காருக்கென்று கிடந்த அகலத்தைப் பங்கு போட வேண்டும். வேலையும் துவங்கியது. பெயின்ட் டப்பாவும் கம்பம் பிடுங்கும் இயந்திரமும் உள்ளே வந்தன.

படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. 1858ல் அந்த இரண்டு பேரும் சொன்னது என்ன? வேகம் வேறானவர்களை ஒரே பாதையில் விடாதே. மெதுவாகப் போ என்று பலகை வைக்காதே, மெதுவாகப் போகும்படி சாலையைப் போடு. 166 வருடம் சுற்றிவிட்டு அதே வாசலுக்கு வந்து நிற்கிறார்கள். கணக்குப் பாஷையில் சொன்னால், புதுச் சொத்து எதுவும் வாங்கவில்லை. விற்றுத் தொலைத்ததை அதிக விலை கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள். அந்த விலையில் காசு மட்டுமா இருக்கிறது? 74ஆம் தெரு மூலையில் பலகையே இருக்கிறது.

இத்தனை கலாட்டாவிலும் யாரும் கை வைக்காத ஒன்று உண்டு. அந்த நாலு குறுக்குச் சாலைகள். கார் தடைச் சட்டம்கூட அவற்றைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமே இல்லை. செங்கல் வண்டி போன அதே பள்ளத்தில் இன்றைக்கு எம்79 பஸ் போகிறது. மேலே புல்தரையில் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது.

பஸ் போவது அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.